கிளாசிக் 350க்கு 150 சைஸ் பின் டயர்: செயின் பக்கம் என்ன ஆகும்?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். 2013 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வச்சிருக்கார், பின்னாடி கம்பெனி டயர் 110/90-18 (அகலம் 110 மில்லி, உயரம் அதுல 90 சதவீதம், ரிம் 18 இஞ்ச்), அதை எடுத்துட்டு 150 போடணும்னு ஆசை. யாரோ அமெரிக்கக்காரர் வீடியோல செயின் டிரைவ் கிட் மாட்டினா அகல டயர் ஏறிடும்னு காட்டுறாராம், அந்த கிட் புல்லட்டுக்கு எங்க கிடைக்கும், எவ்வளவு ஆகும்னு கேட்கிறார். பக்கத்து மெக்கானிக் ஸ்விங் ஆர்மை (பின் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற கை) வெட்டி அகலப்படுத்தி தர்றேன்னு சொன்னதையும் கடைசி வரியில போட்டிருக்கார். விலையைத்தான் கேட்டிருக்கார், ஆனா அதுக்குள்ள வேற ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. டயரை அகலமாக்கினா செயின் எந்த வழியா போகும், அந்த வழி இந்த வண்டியில இருக்கா? அதுக்கு பதில் தெரிஞ்சா விலை விசாரிக்கவே வேண்டியது இருக்காது.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடிச்சு கோயமுத்தூர்ல இருபத்திரண்டு வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், வர்ற வண்டியில பாதிக்கு மேல புல்லட்தான். ஊர் முழுக்க லேத் இருக்கிறதால எந்த சாமானையும் கடைஞ்சு போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் எங்க ஆளுங்க எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஷோவுக்கு நிறுத்துற சாப்பர் எதையும் நான் கட்டினதில்ல, அந்த வேலை தெரிஞ்சவங்க வேற. நான் சொல்றது தினமும் ஓட்டுற வண்டிக்கு.

முதல்ல அந்த வீடியோ. அந்த கிட் ஹார்லிக்கு வர்றது. பெரும்பாலான ஹார்லி வண்டிகள்ல பின் சக்கரத்துக்கு செயின் கிடையாது, ரொம்ப வருஷமா பெல்ட்தான். பழைய பெரிய எஞ்சின் ஹார்லியில அந்த பெல்ட் ஒன்றரை இஞ்ச் அகலம், அதாவது 38 மில்லி. 530 நம்பர் செயினை, கண்ணிகளை கோக்கிற ஊசியோட முனை வரைக்கும் சேர்த்து அளந்தா கூட இருபது சொச்சம் மில்லிதான் வரும். பெல்ட்டை கழட்டிட்டு செயின் போட்டா டயருக்கும் டிரைவுக்கும் நடுவுல கால் இஞ்ச், அரை இஞ்ச் இடம் கிடைக்குது, அந்த இடத்துல ஒரு சைஸ் ரெண்டு சைஸ் கூட டயர் ஏறுது. அவ்வளவுதான் அந்த கிட்டோட ரகசியம். இருநூறு சொச்சம் சைஸ் டயர் போடுறவங்களுக்கு அதுவும் பத்தாது, கியர்பாக்ஸையே தள்ளி வைப்பாங்க, இல்லன்னா டிரைவை வலது பக்கம் கொண்டுபோற தனி கியர்பாக்ஸ் போடுவாங்க. உங்க புல்லட் பொறந்ததே செயினோட. பெல்ட்டை எடுத்து மிச்சம் பிடிக்க அதுல பெல்ட் எங்க இருக்கு?

செயினையே ஒல்லியா போட்டா என்னன்னு அடுத்து கேட்பீங்க, நிறைய பேர் கேட்டிருக்காங்க. 520, 525, 530 மூணுக்கும் பிட்ச் (ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரம்) ஒண்ணுதான், 5/8 இஞ்ச், 15.875 மில்லி. உள் அகலம்தான் வேற, 520க்கு கால் இஞ்ச், 530க்கு 3/8 இஞ்ச். வித்தியாசம் மொத்தமே 3.2 மில்லி, செயினோட நடுக்கோடு மாறாம இருந்தா டயர் பக்கம் கிடைக்கிறது அதுல பாதி, ஒண்ணரை மில்லி. 110ல இருந்து 150க்கு போனா ஒவ்வொரு பக்கமும் 20 மில்லி வேணும். ஒண்ணரை மில்லியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

அப்போ செயினையே வெளிய தள்ளணும். தள்ளணும்னா செயின் ஓடுற பல் சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் ரெண்டையும் ஒரே அளவு தள்ளணும், செயின் நேர்கோட்டுல ஓடியே ஆகணும், இதுல விட்டுக்கொடுக்கவே முடியாது. புல்லட்டுல சிக்கிக்கிறதும் இங்கதான். நிறைய வண்டியில முன் ஸ்ப்ராக்கெட் வெளியில இருக்கும், சின்ன கவரை கழட்டினா கண்ணுக்கு தெரியும், ஆஃப்செட் வச்ச (பல் வரிசை வெளிய தள்ளி இருக்கிற) ஸ்ப்ராக்கெட் கடைஞ்சு மாட்டலாம். புல்லட்டுல அது கிளட்ச்சுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கு. இடது பக்க கவரை திறந்து, ஆயில் வடிச்சு, கிளட்ச்சை வெளிய எடுத்தாத்தான் ஸ்ப்ராக்கெட்டையே பார்க்க முடியும், பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின்லயும் அப்படித்தான், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுல இருக்கிற உங்க யூசிஇ எஞ்சின்லயும் அப்படித்தான். அதை வெளிய தள்ள நினைச்சா தள்ளுற திசையில கிளட்ச் நிக்குது. ஸ்ப்ராக்கெட் மாத்தவே அரை நாள் ஆகுற இடத்துல பத்து மில்லி, இருபது மில்லி தள்ளுறதுக்கு வழியே இல்ல. முன்னாடி நகராதுன்னா பின்னாடி நகர்த்தவும் கூடாது. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

பின்னாடி மட்டும் நகர்த்தினா என்ன ஆகும்னு நானே காசு கொடுத்து கத்துக்கிட்டேன். கடை போட்ட புதுசு, ஒரு 150 சிசி வண்டிக்கு அகல டயர் போடணும்னு ஒரு பையன் வந்தான். டயர் செயினை தொடுது. லேத்துல 6 மில்லிக்கு அலுமினிய வளையம் கடைஞ்சு பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில வச்சு நீள போல்ட் போட்டு முறுக்கிட்டேன், முன்னாடி தொடல. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல சுமார் 60 சென்டிமீட்டர், 6 மில்லி விலகினா கோணம் அரை டிகிரி சொச்சம்தானே, செயின் தன்னால சரி பண்ணிக்கும்னு ஒரு தைரியம். பையன் சந்தோஷமா போனான். நாலு மாசத்துல திரும்பி வந்தான், வண்டி தெருமுனையில வரும்போதே சத்தம் கேட்டுச்சு, கறக் கறக்னு. பின் ஸ்ப்ராக்கெட்டை கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா பல்லோட ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு தேஞ்சிருக்கு, மறுபக்கம் கம்பெனி கருப்பு அப்படியே இருக்கு. செயினை தரையில படுக்க வச்சு இழுத்தா நேரா நிக்காம வில்லு மாதிரி வளையுது. செயின் செட் ஒண்ணு என் செலவுல மாத்திக் கொடுத்தேன், பழைய டயரையும் திரும்பப் போட்டு விட்டேன். அந்த வளையம் இப்பவும் கல்லாப் பெட்டியில சில்லறைக்கு மேல வெயிட்டா கிடக்கு.

ரெண்டாவது குறுக்குவழி ரிம்மை வலது பக்கம் தள்ளி ஸ்போக் கட்டுறது. செயின் இருந்த இடத்துலயே இருக்கும், டயர் மட்டும் நகரும். ஸ்போக் ரிம்மோட வசதியே இதுதான், ஒரு பக்க ஸ்போக்கை இறுக்கி மறுபக்கம் தளர்த்தினா ரெண்டு மூணு மில்லி நகர்த்திடலாம். அந்த ரெண்டு மூணு மில்லி வரைக்கும் ஓட்டுறவங்க யாரும் வித்தியாசம் சொல்லி நான் கேட்டதில்ல. எட்டு பத்து மில்லி தள்ளி கட்டின வண்டியை ஓட்டியிருக்கேன், கையை லேசா விட்டா ஒரு பக்கமா ஒதுங்குது, மழையில பிரேக் பிடிக்கும்போது மனசுக்கு பிடிக்கல. எத்தனை மில்லியில ஆபத்து ஆரம்பிக்குதுன்னு நான் அளந்து பார்த்ததில்ல, இது ஓட்டிப் பார்த்த உணர்வு மட்டும்தான். ஒரு பக்கம் டென்ஷன் ஏறி மறுபக்கம் தளர்ந்த சக்கரத்துல ஸ்போக் சீக்கிரம் அறும்.

மூணாவது உங்க மெக்கானிக் சொன்ன வெட்டு வேலை. அவர் கெட்டவர்னு நான் சொல்ல மாட்டேன், நல்லா வெல்டிங் பிடிக்கிறவராவே இருக்கலாம். ஆனா ஸ்விங் ஆர்ம் வெறும் குழாய் இல்ல. முதல் கியர்ல கிளட்ச் விடும்போது செயின்ல ஏறுற இழுவை நூத்துக்கணக்கான கிலோ, அதுவும் இடது பக்கம் மட்டும், அந்த இழுவையில சக்கரம் கோணாம பிடிச்சுக்கிட்டு இருக்கிறதே அந்த ரெண்டு கைதான். வெட்டி ஒட்டினா வெல்டிங் சூட்டுல குழாய் இழுத்துக்கும், பிவட் துளையும் (சேஸிஸ்ல மாட்டுற துளை) ஆக்ஸில் துளையும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்காது, சரியான ஜிக்ல (அசையாம பிடிச்சு வைக்கிற சட்டம்) இறுக்கி வச்சு செஞ்சாத்தான் அந்த இணை நிக்கும். ஜிக் வச்சிருக்கீங்களான்னு அவரை கேட்டுப் பாருங்க, முகத்துலயே பதில் தெரிஞ்சிடும். இன்னொண்ணு, ஸ்விங் ஆர்மை எவ்வளவு அகலப்படுத்தினாலும் செயின் பழைய கோட்டுலதான் ஓடப் போகுது, ஏன்னா முன் ஸ்ப்ராக்கெட் நகரல. டயருக்கு முதல்ல முட்டுறது ஸ்விங் ஆர்ம் கூட இல்ல, செயின்தான்.

முட்டினா எப்படி இருக்கும்னு ஒரு வண்டி காட்டிச்சு. வேற எங்கயோ அகல டயர் போட்டுட்டு, கருப்பு எண்ணெய் வடியுதுன்னு ஒருத்தர் கொண்டு வந்தார். எண்ணெயே இல்ல அது. செயின் கிரீஸும் டயர்ல இருந்து அரைஞ்ச ரப்பர் தூளும் சேர்ந்து ஸ்விங் ஆர்ம் மேல மை மாதிரி அப்பியிருந்துச்சு, விரல் வச்சா ஒட்டுது. டயரோட இடது சுவர்ல சுத்தி ஒரு கோடு, நகம் உள்ள போற ஆழம், ஒரு இடத்துல நூல் இழை வெளிய தெரியுது. நிறுத்தி வச்சு பார்த்தா செயினுக்கும் டயருக்கும் ரெண்டு மில்லி இடைவெளி நல்லாவே இருக்கு, அதனால மாட்டினவருக்கு தப்பு தெரியல. ஓடும்போது செயின் ஆடும், டயர் சுத்துற வேகத்துல கொஞ்சம் விரியும், பின்னாடி ஆள் உட்கார்ந்து பள்ளத்துல இறங்கும்போது எல்லாம் ஒண்ணாச் சேரும். நிக்கும்போது இருக்கிற ரெண்டு மில்லியை நம்பவே கூடாது.

இதுவரைக்கும் செயின். ரிம் கதை தனி, இதை யாரும் சொல்றதே இல்ல. டயர் பேர்ல இருக்கிற அகலம் அதுக்கேத்த ரிம்ல போட்டாத்தான் வரும். 150/70 டயருக்கு குறைஞ்சது மூணரை இஞ்ச் ரிம் வேணும், நாலு இஞ்ச் இருந்தா நல்லது. ஸ்போக் ரிம்ல டபிள்யூஎம்2ன்னு குத்தியிருந்தா 1.85 இஞ்ச், டபிள்யூஎம்3ன்னா 2.15 இஞ்ச், அதுவும் வெளி விளிம்பு அளவு இல்ல, டயர் உட்கார்ற உள் அளவு. ரெண்டு இஞ்ச் சொச்சம் ரிம்ல 150ஐ அமுக்கி ஏத்தினா டயரோட ரெண்டு விளிம்பும் உள்ள இழுபட்டு நடு மேடு தூக்கிக்கும், பின்னாடி இருந்து பார்த்தா கூம்பு மாதிரி. அரை இஞ்ச் ரிம் குறைஞ்சா டயர் அகலம் சுமார் 5 மில்லி குறையும்னு ஒரு கணக்கு இருக்கு, அப்போ 150க்கு காசு கொடுத்துட்டு 130 சொச்சம்தான் கண்ணுல பார்ப்பீங்க, தரையில படுறது அதை விட கம்மி. அகல டயர் போட்டும் நேர் ரோட்டுல வண்டி தத்தளிக்குதுன்னு வர்றவங்க ரிம்மை அளந்தா பாதி பேருக்கு காரணம் அங்கயே கிடைச்சிடுது. 18 இஞ்ச்ல 150 வர்றதே பெரிய அட்வென்ச்சர் வண்டிகளுக்குத்தான், அதனால மாடிஃபிகேஷன் கடைக்காரங்க 17 ரிம்முக்கு மாத்துவாங்க, அப்புறம் ஹப், ஸ்போக், டியூப்னு செலவு ஒவ்வொண்ணா ஏறிக்கிட்டே போகும்.

கம்பெனிக்காரங்க எப்படி செய்யறாங்கன்னு பாருங்க. யமஹா ஆர்15 2008ல வந்தப்போ பின் டயர் 100/80-17, ஒல்லியா இருக்குன்னு ஊரே குறை சொல்லிச்சு. 2011ல ரெண்டாவது வெர்ஷன்ல 130/70-17 போட்டாங்க, ஆனா டயரை மட்டுமா மாத்தினாங்க? ஸ்விங் ஆர்ம் புதுசு, அலுமினியத்துல, வீல்பேஸ் 1290 மில்லியில இருந்து 1345 ஆச்சு, சக்கரமும் புதுசு. ராயல் என்ஃபீல்டும் அப்படித்தான், அதே 350 சிசியில 2020ல வந்த மீட்டியாருக்கும் 2022ல வந்த ஹண்டரோட மெட்ரோ வகைக்கும் 140/70-17 கொடுத்திருக்காங்க, எஞ்சினும் சேஸிஸும் புதுசா வரைஞ்சப்போ அதுக்கு இடம் விட்டு வரைஞ்சாங்க. 150 வேணும்னா சூப்பர் மீட்டியார் 650க்கு 150/80-16, ஷாட்கன் 650க்கு 150/70-17. அதே சமயம் 2021ல புதுசா வந்த கிளாசிக் 350க்கு 120/80-18தான் போட்டாங்க. புதுசா வரையற வாய்ப்பு கையில இருந்தும் கிளாசிக்குக்கு 120 போதும்னு விட்டதை கொஞ்சம் யோசிங்க.

வளைவுல அகல டயர் வண்டி சாயாது, ரொம்ப ஆபத்துன்னு தம்பியோட கேள்விக்கு கீழ சிலர் எழுதியிருக்காங்க, அதை நான் முழுசா ஏத்துக்கல. அகலம் கூடினா அதே வளைவுக்கு கொஞ்சம் கூடுதலா சாய்க்கணும்ங்கிறது உண்மைதான், சாயும்போது தரையை தொடுற இடம் நடுவுல இருந்து ஓரத்துக்கு நகர்றதால. ஆனா எவ்வளவு? ஆளோட சேர்த்து எடை மையம் தரையில இருந்து 60 சென்டிமீட்டர்னு வச்சு, 30 டிகிரி சாய்வுக்கு 110க்கும் 150க்கும் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் ஒரு டிகிரி சொச்சம்தான் வந்துச்சு. அப்புறம் ஏன் அவ்வளவு கனமா தெரியுது? முன்னாடி 90/90-19 ஒல்லியா, பின்னாடி தடியா இருந்தா ரெண்டும் வேற வேற வேகத்துல சாய விரும்பும், ஹேண்டில்ல அது தெரியும், அதோட டயர் ரிம் எடையும் கூடும். என் அபிப்பிராயம் இது, அடிச்சு சொல்ல மாட்டேன். கிரிப் கூடும்னு நினைச்சு செலவு பண்றீங்கன்னா மட்டும் வேண்டாம், 19.8 குதிரைத்திறன் வண்டி, காய்ஞ்ச ரோட்டுல பின் சக்கரத்தை அது எங்க வழுக்க வைக்கப் போகுது. மைலேஜ், பிக்கப் எல்லாம் கொஞ்சம் குறையும். ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டும்னு பயப்படாதீங்க, உங்க வண்டியில கேபிள் முன் சக்கரத்துல இருந்து வருது.

நான் என்ன செய்யச் சொல்வேன்னா, 120/80-18. உயரம் கணக்கு போட்டா 110/90-18 டயர் 655 மில்லி, 120/80-18 டயர் 649 மில்லி, கியரிங்ல ஒரு சதவீதம் கூட மாறல, பின் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லுக்கும் கம்மியான வித்தியாசம். ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிதான் கூடுது, செயின் பக்கம் எதையும் தொட வேண்டாம். 130/70-18 என் கணக்குல எல்லை. சில வண்டியில ஏறுது, சிலதுல செயின் கவரை உரசுது, ஒரே மாடல்ல கூட வண்டிக்கு வண்டி மாறுது, அதனால பொதுவா சரின்னு எழுதித் தர மாட்டேன், ரிம்மும் அகலமா மாத்தணும். அளக்கிறது சுலபம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, செயின் தொய்வு 25ல இருந்து 30 மில்லி வச்சுட்டு, சக்கரத்தை மெதுவா சுத்தி டயர் செயினுக்கு ரொம்ப கிட்ட வர்ற இடத்தை கண்டுபிடிங்க. அங்க 6 மில்லி ஆலன் கீ தடையில்லாம போய் வரணும், ரெண்டு பேரை சீட்டுல உட்கார வச்சுட்டும் போய் வரணும். போகலன்னா அந்த டயர் உங்க வண்டிக்கு இல்ல. பின் சக்கரம் நேரா இருக்கான்னு பார்க்க ஸ்விங் ஆர்ம்ல இருக்கிற அட்ஜஸ்டர் கோட்டை நம்பாதீங்க, நூல் பிடிச்சு பாருங்க, நாங்க அவசரத்துக்கு பழைய டியூப் லைட்டை ஸ்ப்ராக்கெட் ஓரத்துல படுக்க வச்சு பார்ப்போம், அதைவிட நேரான சாமான் கடையில வேற ஒண்ணும் கிடையாது.

புது டயர் வாங்கும்போது பக்கவாட்டுல சைஸுக்கு அப்புறம் ஒரு நம்பரும் எழுத்தும் இருக்கும், அதையும் பாருங்க. 61P-ன்னு இருந்தா 257 கிலோ தாங்கும், 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்னு அர்த்தம். பழைய டயர்ல இருக்கிறதை விட அது குறையவே கூடாது.

சட்டத்தையும் சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, ஆனா கடையில தினமும் பேச்சு இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி அப்படி மாத்துற ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டுமே. 110ஐ 120 ஆக்கினதுக்கு யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்ல. வெட்டி ஒட்டின ஸ்விங் ஆர்மோட ஒரு விபத்து ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதல்ல குனிஞ்சு பார்க்கிறது அந்த வெல்டிங்கைத்தான்.

மெக்கானிக்குக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தா டயருக்கு கழிச்சுக்கச் சொல்லுங்க தம்பி. ரிம்ல என்ன குத்தியிருக்கு, இப்போ இருக்கிற டயருக்கும் செயினுக்கும் நடுவுல எத்தனை மில்லி இருக்கு, இந்த ரெண்டையும் அளந்து கீழ போடுங்க, 120 போதுமா 130 வரைக்கும் போகலாமான்னு பார்த்து சொல்றேன்.